அத்திப்பட்டுக் கொல்லையில் சூரியகாந்தி

சூரியகாந்தி ஒருபருவப் பயிர். முளை, மொட்டு, பூ, மணி, சருகு என எல்லாம் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். கொல்லைப்புறத்தில் அதை வளர்க்க நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அந்த மூன்று மாதம் எது என்பதைத்தான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இதற்கு விடை எளிது. உறைபனி விலகி, மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வசந்தம் வரும்வரை அங்கே காத்திருப்பார்கள். அதற்கு முன் போட்ட விதை நீரை உறிஞ்சி ஊறும். ஆனால் முளைவிடத் தேவையான வேதிவினைகள் குளிரில் மந்தமாகிவிடும். ஊறியும் முளைக்காமல் கிடக்கும் விதையைப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் மீஞ்சூரை அடுத்த அத்திப்பட்டில் மண் ஒருநாளும் அப்படிக் குளிர்வதில்லை. மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வெப்பத்தை மட்டும் பார்த்தால் ஆண்டின் எந்த நாளும் விதைப்பு நாள்தான். ஆயினும் இங்கும் காத்திருக்கத்தான் வேண்டும், வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை. தமிழ் மரபில் இளவேனில் எனப்படும் சித்திரை, வைகாசிக்காகக் காத்திருந்தால் இளஞ்செடி நேராகக் கத்திரி வெயிலில் போய் மாட்டிக்கொள்ளும். தை பிறந்ததும் விதைத்தால் பங்குனித் தொடக்கத்தில் பூ விரியும்; சித்திரை பிறக்கும்போது மணி முற்றியிருக்கும். வெயில் 40 டிகிரியை நெருங்கும் நாட்களில் மகரந்தத்தின் உயிர்ப்பு குறைந்து, மணியில் எண்ணெய் ஏறுவதும் தடைபடும். தை விதைப்பு அந்த நாட்களுக்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவைச் சூரியகாந்திக்குப் பரிந்துரைக்கும் மார்கழிப் பட்டமும் ஏறத்தாழ இதுவே. சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றித் தென்காசி வட்டாரம் ஆடி, ஆவணியில் மஞ்சளாவதைப் படங்களில் பார்த்தவர்கள் அந்தக் கணக்கை அத்திப்பட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அது தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலை நம்பிய நிலம்.

மழை ஓயக் காத்திருப்பதற்கு முதற்காரணம் வேர். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடுக்கில் உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மழைநீர் அந்த இடுக்குகளை நிரப்பிவிட்டால் வேர் திணறும், இலை மஞ்சளாகும், தண்டின் அடி அழுகும். நெல் தன் தண்டு வழியாகவே வேருக்குக் காற்றை அனுப்பிச் சேற்றில் பிழைக்கும். சூரியகாந்திக்கு அந்த வசதி போதாது. கொசஸ்தலை ஆற்றின் கடைமடையில், எண்ணூர் கழிமுகத்தை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த நிலம் அத்திப்பட்டு. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இந்த வட்டாரம் வெள்ளத்தில் நின்றது.

நிலம் தயாரா என்பதைக் கையாலேயே பார்த்துவிடலாம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் விதைக்கலாம். வடிகால் தெரிய, ஓரடிக் குழி தோண்டிக் குடத்துத் தண்ணீரை நிரப்பி விட்டுவிட வேண்டும். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் அங்கே மேட்டுப்பாத்தி போடாமல் சூரியகாந்தி வராது. முக்கால் அடி உயர்த்தினாலே போதும்; வேர்ப் பகுதியின் மேல்பாதி காற்றோட்டத்தில் இருக்கும்.

இரண்டாவது காரணம் உப்பு. அத்திப்பட்டுக்கு இதுவே பெரிய செய்தி. ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளின் நிலத்தடி நீரை 1960களின் இறுதியிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஏராளமாக இறைத்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகள் அப்படி வந்தவை. இறைத்த அளவுக்கு நீர் திரும்பச் சேராததால் கடல்நீர் நிலத்தடியில் மேற்கு நோக்கிப் பல கிலோமீட்டர் ஊடுருவியது. அதே மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில் 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. கிணற்றுநீர் கரித்துப்போன ஒரு வட்டாரத்தின் வரலாறு அது.

சூரியகாந்தி உப்பை ஓரளவு தாங்கும் பயிர். உப்பின் அளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறக்குறைய 4.8 டெசிசீமன்ஸ் ஆகும்வரை விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் இது வளர்ந்த செடிக்கான கணக்கு. முளையும் நாற்றும் அதைவிட மெலிந்தவை. உப்புக் கரைசலிலிருந்து நீரை உறிஞ்ச விதை கூடுதலாகப் போராட வேண்டியிருக்கும். முளைப்பு தாமதமாகும், சீரற்றுப் போகும். இங்கேதான் பருவம் உதவிக்கு வருகிறது. மூன்று மாத மழை மேல்மண்ணின் உப்பைக் கரைத்துக் கீழே தள்ளிவிடுகிறது. மாசிக்குப் பின் வெயில் ஏற ஏற, அடியில் உள்ள நீர் நுண்துளைகள் வழியாக மேலேறி ஆவியாகி உப்பை மேற்பரப்பில் விட்டுச்செல்கிறது. கோடையில் மதிலடியிலும் வரப்பிலும் பூக்கும் வெள்ளைப் படலம் அதுதான். ஆண்டிலேயே மேல்மண்ணில் உப்பு குறைந்திருக்கும் நாட்கள் மழை ஓய்ந்த உடனே வருபவை. இளஞ்செடிக்கு வேண்டியதும் அந்த நாட்களே. உப்பு மீண்டும் மேலேறும் பங்குனியில் செடியின் ஆணிவேர் ஒன்றரை மீட்டருக்குக் கீழே இறங்கி, மழை விட்டுச்சென்ற ஈரத்தைத் தேடிக் குடித்துக்கொண்டிருக்கும். போர் தண்ணீர் நாக்கில் கரித்தால், முதல் மூன்று வாரமாவது வேறு நல்ல தண்ணீர் ஊற்றுவது நல்லது. பாத்தியில் வைக்கோல் மூடாக்கு போட்டால் ஆவியாதல் குறையும். உப்பு ஏறுவதும் குறையும்.

நெல் வயலும் உப்பளமும் கழிமுகமும் சூழ்ந்திருந்த அத்திப்பட்டு, இன்று அனல்மின் நிலையங்களின் ஊர். வட சென்னை அனல்மின் நிலையம் 1994இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. அருகில் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் ஒன்று உள்ளது. எரித்த நிலக்கரியின் சாம்பல் இந்த வட்டாரத்து மண்ணிலும் நீரிலும் படிந்திருப்பது பலமுறை பதிவான செய்தி. சூரியகாந்தி வளர்ப்பவருக்கு இதில் ஒரு தனிக் கவலை இருக்கிறது: போரான்.

போரான் குறைபாட்டை வேறு பல பயிர்களுக்கு முன்பாகக் காட்டிக்கொடுக்கும் செடி சூரியகாந்தி. செல்சுவரில் உள்ள பெக்டினைப் பிணைத்து நிறுத்துவது போரான்; மகரந்தக் குழாய் நீள்வதற்கும் அது வேண்டும். குறைந்தால் நுனி இலைகள் சுருங்கித் தடிக்கும், பூக்கொண்டை கோணலாகும், மணி பிடிக்காது. அதனால்தான் இதழ் விரியும் வேளையில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்துக் கொண்டையில் தெளிக்கும்படி வேளாண் பரிந்துரை சொல்கிறது. ஆனால் நிலக்கரிச் சாம்பலில் செடி எளிதில் உறிஞ்சக்கூடிய போரான் ஏற்கெனவே இருக்கிறது. சாம்பல் படிந்த மண்ணில் செடிகளுக்கு வரும் முதல் தொல்லையே போரான் மிகைதான். மிகையின் அடையாளம் குறைபாட்டுக்கு நேர்மாறான இடத்தில் தோன்றும்: அடி இலைகளின் விளிம்பு முதலில் மஞ்சளாகிப் பின் தீய்ந்ததுபோல் பழுப்பாகும். இலையின் ஓரம்வரை நீரோடு வந்த போரான், நீர் ஆவியாகிப் போனபின் அங்கேயே தங்கிவிடுவதே காரணம். எனவே இங்கே மண்ணைப் பரிசோதிக்காமல் போராக்ஸ் வாங்குவது வீண்; கேடாகவும் முடியலாம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்து மின்கடத்துதிறன், கார அமில நிலை, போரான் மூன்றையும் பார்த்துக்கொள்வது முறை. மழைக்கு முன்பே மண்ணைக் கொடுத்துவிடாமல், மழை ஓய்ந்தபின் எடுத்துக் கொடுத்தால் விதைக்கும்போது உள்ள நிலை தெரியும்.

சூரியகாந்தி இலையைத் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். அந்த மயிர்கள் சாலைத் தூசியையும் சாம்பலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தூசி படிந்த இலைக்குக் கிடைக்கும் ஒளி குறையும், இலைத்துளைகளும் அடைபடும். வாரம் ஒருமுறை காலையில் நல்ல தண்ணீரால் இலையை அலசிவிடலாம். மாலையில் வேண்டாம், இரவெல்லாம் ஈரமாக இருக்கும் இலையில் கருகல் நோய் எளிதில் பரவும்.

இடம் தேர்வதற்கு வெயிலின் கணக்குத் தெரிய வேண்டும். ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் சூரியகாந்திக்கு அவசியம். அத்திப்பட்டு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருப்பதால், தைப் பொங்கல் சமயத்தில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். கொல்லையின் தென்பக்கம் பத்தடி மதில் இருந்தால் அதன் உச்சிவேளை நிழல் வடக்கே ஏழடி விழும். அதே மதிலின் நிழல் பூக்கும் காலமான மார்ச் நடுவில் மூன்றடிக்கும் குறைந்துவிடும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். கார்த்திகையில் நிழலைப் பார்த்து 'இங்கே வெயிலே இல்லை' என்று கைவிட்ட மூலை, செடி உயரும் நாளில் நல்ல வெயிலில் இருக்கக்கூடும். நாற்றுப் பருவத்தில் நிழல் பட்டால் செடி ஒல்லியாக நெடுத்துச் சாய்ந்துவிடும் என்பதால் தென்மதிலிலிருந்து எட்டடியாவது தள்ளிப் பாத்தி போடுவதே சரி.

பூ எந்தப் பக்கம் பார்க்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். நாள் முழுவதும் சூரியனைப் பின்தொடர்வது இளஞ்செடியின் நுனியும் மொட்டும்தான். முற்றிய பூ அப்படியே கிழக்கு நோக்கி நின்றுவிடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஸ்டேசி ஹார்மரின் குழு செய்து, 2016இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதன் உட்காரணத்தைக் காட்டியது. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக நீள்வதால் நுனி மேற்கே வளைகிறது. இரவில் மேற்குப் பக்கம் கூடுதலாக நீண்டு, விடியும் முன்பே நுனி கிழக்கே திரும்பிவிடுகிறது. சூரியன் இல்லாத இரவில் அதைத் திருப்புவது செடிக்குள் ஓடும் நாள் கடிகாரம். அறைக்குள் அசையாத விளக்கொளியில் வைத்தபோதும் செடிகள் சில நாட்கள் கிழக்கும் மேற்குமாக ஆடிக்கொண்டே இருந்தன. தண்டை அசையவிடாமல் கட்டியோ, தொட்டியைத் திசைமாற்றி வைத்தோ இந்த ஒழுங்கைக் குலைத்தபோது செடியின் வளர்ச்சி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது.

வளர்ச்சி நின்றதும் ஆட்டமும் நின்றுவிடுகிறது. தண்டு முற்றியபின் வளைவதற்கு வழி இல்லை. கிழக்கே நிலைத்த பூ காலை வெயிலில் சீக்கிரம் சூடேறுகிறது. மேற்கே திருப்பிவைத்த பூக்களைவிடக் கிழக்கு நோக்கிய பூக்களுக்குக் காலையில் ஐந்து மடங்கு பூச்சிகள் வந்தன என்று அதே ஆய்வு கண்டது. கொல்லைக்காரருக்கு இதில் ஒரு நேரடிப் பயன் உண்டு. பாத்திக்குக் கிழக்கே நடைபாதையோ திண்ணையோ இருந்தால் பூவின் முகம் தெரியும். மேற்கே இருந்தால் பங்குனி முழுவதும் பச்சைப் பிடரியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

விதைக்கு வருவோம். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் நான்காயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே வசப்படுத்திய செடி இது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிரானது. கிராஸ்னதாரில் வசீலி புஸ்தவோயித் பல பத்தாண்டுகள் தேர்வு செய்து விதையின் எண்ணெய் அளவை ஏறக்குறைய 50 விழுக்காடு வரை உயர்த்தினார். அந்த வழியில் வந்த சோவியத் ரகங்கள் 1969இல் இந்தியாவுக்கு வந்தன. இந்தியாவின் முதல் வீரிய ஒட்டு ரகமான பி.எஸ்.எச். 1 பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து 1980இல் வெளிவந்தது. 1990களில் 20 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிய சாகுபடி இன்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நாட்டுக்கு வேண்டிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் வருகிறது.

கொல்லைக்குக் கோவையில் உருவான கோ வரிசையில் ஒட்டு அல்லாத ரகங்கள் ஏற்றவை. அவற்றின் மணியை எடுத்து மறுபடி விதைக்கலாம். ஒட்டு ரகத்தில் அடுத்த தலைமுறை உயரத்திலும் பூவிலும் ஒன்றுபோல் வராது. இடம் குறைவென்றால் கனடாவிலிருந்து வந்த மார்டன் என்ற குட்டை ரகம் 80 நாளுக்குள் முடிந்துவிடும். கடையில் தின்ன விற்கும் பருப்பு தோல் நீக்கியது, பெரும்பாலும் வறுத்தது, அதை நம்பி விதைக்க முடியாது. புதிதாக அறுத்த விதையும் உடனே முளைக்காது. அதற்கு ஒன்றரை மாதம்வரை உறக்கக் காலம் உண்டு.

மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், செடிக்குச் செடி 30, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் இடைவெளியில், குழிக்கு இரண்டு விதை. பத்தடிக்கு ஐந்தடிப் பாத்தியில் முப்பது செடி நிற்கும். மதிலோரம் ஒற்றை வரிசையாக நடுவது அழகாகத் தோன்றலாம். மணி பிடிக்கக் கட்டமாக நடுவதே மேல். நான்காம் நாளிலிருந்து முளை தெரியும். கூரிய முனையிலிருந்து வேர் இறங்க, கொக்கிபோல் வளைந்த தண்டு மண்ணைத் துளைத்து நிமிர்ந்து, இரண்டு தடித்த வித்திலைகளை மேலே தூக்கும். சில முளைகள் விதைத்தோலையே குல்லாய்போல் மாட்டிக்கொண்டு வரும். அதைப் பிய்க்காமல் ஈரம் தொட்டு விட்டால் தானே கழன்றுவிடும். பிய்த்தால் வித்திலையும் சேர்ந்து கிழியும். மைனாவும் அணிலும் நாடுவது இந்தச் சில நாட்களைத்தான். பத்தாம் நாள் குழிக்கு ஒரு செடி விட்டு மற்றதை நீக்க வேண்டும்.

பூ எனப்படுவது உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பூக்களின் கூட்டம். விளிம்பில் உள்ள மஞ்சள் நாக்குப் பூக்கள் மலடு. பூச்சியை அழைப்பது மட்டுமே அவற்றின் வேலை. வட்டத்தின் உள்ளே இருக்கும் குழல் பூக்களே மணியாகும். ஒவ்வொரு புதுப் பூவும் முந்தையதிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை தள்ளி அரும்புவதால், இடமும் வலமுமாகச் சுழலும் வரிசைகளை எண்ணினால் 34, 55, 89 போன்ற எண்கள் வரும். குழல் பூக்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நாளுக்குச் சில வரிசைகளாக விரிந்து, வாரம் பத்து நாளில் முடியும்.

ஒரு குழல் பூவை விடியலில் கூர்ந்து பார்த்தால் அதன் வாழ்க்கை முழுவதும் தெரியும். முதலில் மகரந்தத் தாள்கள் விரைவாக நீண்டு, கரும்பழுப்புக் குழாய் ஒன்று பூவுக்கு மேலே எழும். பிறகு அந்தக் குழாய்க்குள் சூலகத்தண்டு வளர்ந்து, உள்ளே கொட்டிய மகரந்தத்தை வெளியே தள்ளும். இது ஆண் நாள். அடுத்த நாள் சூலகமுடி இரண்டாகப் பிளந்து மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். தன் மகரந்தம் தீர்ந்தபின் முடி விரிவதால் அயல் மகரந்தத்துக்கே வாய்ப்பு அதிகம். பல ரகங்களில் தன் மகரந்தத்தை ஏற்காத தடையும் உண்டு. எதுவும் வராவிட்டால் பிளந்த முனைகள் பின்னோக்கிச் சுருண்டு, கடைசி முயற்சியாகத் தன் மகரந்தத்தையே தொடும்.

மணி பிடிக்கத் தேனீ வேண்டும். கொம்புத்தேனீ, மலைத்தேனீ, அடுக்குத்தேனீ மூன்றும் சூரியகாந்திக்கு வருபவை. தொழிற்பேட்டைகளுக்கு நடுவே தேனீ அரிதாக இருக்கலாம். அப்போது கொண்டையின் நடுவெல்லாம் பொக்காகும். பூத்திருக்கும் நாட்களில், ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 9 முதல் 11 மணிக்குள் இரண்டு கொண்டைகளை முகத்தோடு முகம் மெல்லத் தேய்த்துவிட்டால் போதும். மெல்லிய துணியால் ஒன்றைத் துடைத்து மற்றதில் ஒற்றவும் செய்யலாம். இந்த நாட்களில் பூச்சிமருந்து தெளிப்பது தேனீயைக் கொல்வதாகும். கொல்லையில் அதற்குத் தேவையும் இல்லை. காய்ப்புழுவைக் கையால் பொறுக்கிவிடலாம்.

ஆனால் ஒரு நோயை முன்கூட்டியே தடுக்க வேண்டும். 1997இல் கர்நாடகத்தில் தோன்றித் தென்னிந்தியா முழுதும் பரவிய நெக்ரோசிஸ் நோய், இலையைக் கருக்கித் தண்டை முறுக்கி, கொண்டையைச் சிதைத்துவிடும். அதை உண்டாக்கும் வைரஸ், நோய் அறிகுறியே காட்டாமல் பார்த்தீனியச் செடியில் வாழ்கிறது. பார்த்தீனிய மகரந்தத்தைச் சுமந்த இலைப்பேன்கள் சூரியகாந்தியைச் சுரண்டும்போது வைரஸ் உள்ளே போகிறது. மழைக்குப் பின் தெருவோரமெங்கும் தழைக்கும் பார்த்தீனியத்தை மார்கழியிலேயே, பூக்கும் முன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்கிவிடுவதே சிறந்த தடுப்பு.

கொண்டையின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாகும்போது மணி முற்றிவிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பே கிளிகள் வந்துவிடும். இதழ் உதிர்ந்ததும் கொண்டைக்கு மெல்லிய துணிப்பை கட்டுவது ஒன்றே உறுதியான வழி.

மணியைத் தின்னலாமா என்பதை மண்தான் முடிவு செய்யும். மண்ணில் உள்ள காட்மியத்தை உறிஞ்சிப் பருப்புவரை கொண்டுசேர்க்கும் பயிர்களில் சூரியகாந்தியும் ஒன்று. சாம்பலோ ஆலைக்கழிவோ வெள்ளத்தோடு ஏறிய கொல்லையில் விளைந்த மணியை, மண்ணின் கன உலோகப் பரிசோதனை இல்லாமல் வாயில் போடக் கூடாது. சூரியகாந்தி நட்டால் மண் சுத்தமாகிவிடும் என்ற பேச்சும் பரவலாக உள்ளது. 1990களில் செர்னோபில் அருகே குளங்களில் மிதவைகள்மீது வளர்த்த சூரியகாந்தியின் வேர்கள் நீரிலிருந்த சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் ஈர்த்தது உண்மை. ஆனால் 2011க்குப் பின் ஃபுகுஷிமா வயல்களில் நட்டபோது பலன் மிகச் சொற்பம். களிமண் பிடித்துக்கொண்ட சீசியத்தைச் செடியால் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரு போகச் சூரியகாந்தியால் கொல்லை மண் தூய்மையாகாது. ஐயத்துக்குரிய மண்ணில் பூவுக்காக மட்டும் வளர்க்கலாம். தண்டையும் கொண்டையையும் அதே பாத்தியில் உரமாக்காமல் அப்புறப்படுத்த வேண்டும்.

நல்ல மண் என்றால் கொண்டைகளை அறுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்திக் கோலால் தட்டினால் மணி உதிரும். விதைக்கு எடுப்பது விளிம்பு வரிசைகளிலிருந்து இருக்கட்டும். முதலில் பிடித்த கனத்த மணிகள் அங்கேதான் இருக்கும். எண்ணெய் நிறைந்த விதை ஈரக்காற்றில் சீக்கிரம் காறிப்போய் முளைப்புத்திறனை இழக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் தொடாதபடி, நன்கு காய்ந்த விதையைக் காற்றுப்புகாத டப்பாவில் நிழலில் வைக்க வேண்டும். அடுத்த தையில் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்து, ஏழெட்டாவது முளைத்தால் விதைக்கலாம். மண்ணில் தங்கும் பூஞ்சைகள் பெருகாமலிருக்க, அந்த முறை சூரியகாந்தியை வேறு பாத்திக்கு மாற்றிப் பழைய பாத்தியில் காராமணி போடலாம்.